மேனேஜருக்கு ஒரு சிரித்த முகம்

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்த ஸ்டூடியோக்காரர், திறந்த கையோடு ஷட்டரைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டார். கடை வைத்த நாளிலிருந்து பகலில் அந்த ஷட்டர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்தபோது ஸ்டூல் மேல் ஏறி நின்று படம் எடுத்திருக்கிறார். பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிறவர் பதறிப்போய்க் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், உடம்பு ஏதும் சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நாயைச் சிரிக்க வைக்கணும். சாயங்காலத்துக்குள்ள."

சாவிக்காரர் "சரி சார், சரி சார்" என்று தலையை ஆட்டிக்கொண்டே பின்வாங்கித் தன் மெஷினிடம் போய்ச் சேர்ந்தார்.

நீங்களும் சிரிக்காதீர்கள், விஷயம் அவ்வளவு லேசானதில்லை. அவருக்கு ஒரே மகள். விமானம் பழுதுபார்க்கும் படிப்புக்காக வெளியூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். மிக்ஸியைப் பிரித்து மாட்டினால் கையில் ஸ்க்ரூ மிச்சம் வைக்கிற பெண்ணை நம்பி விமானத்தைக் கொடுப்பார்களா என்று அவள் அம்மாவே கிண்டல் செய்ததுண்டு. முதல் தடவை நுழைவுத் தேர்வில் கோட்டைவிட்டு, அடுத்த தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்து, அடித்துப் பிடித்து வாங்கிய இடம் அது. சனிக்கிழமை அவளுக்கு முதல் செய்முறைத் தேர்வு. பிரித்துப் போட்ட எஞ்சினைத் திரும்ப மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். வராதவர்களுக்கு மறுதேர்வு கிடையாது, பெட்டியைக் கட்டலாம் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்தான் வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய்து, நாளை மாலை ரயிலில் வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

காரணம், மேனேஜர்.

மேனேஜர் என்பது நாய். குட்டியாக வந்த முதல் நாளே முதலாளி நாற்காலியில் ஏறிப் படுத்துத் தூங்கியதால் வந்த பெயர். இன்றுவரை அதே வேலையைத்தான் பார்க்கிறான். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்து கிடக்கும். மகள் கேட்டாளே என்று அவனைப் படம் எடுத்து அனுப்பியதில்தான் வந்தது வினை.

"அவனுக்கு என்னமோ ஆயிடுச்சுப்பா. நீங்க மறைக்கறீங்க," என்றாள் மகள்.

"ஐயோ, நல்லா இருக்கான்மா. காலையில என் செருப்பைத் தின்னான். அப்புறம் சாப்பாடும் தின்னான்."

"அந்த மூஞ்சியைப் பாருங்க. அவன் போட்டோன்னா விறைப்பா உக்காருவான், அது எனக்குத் தெரியாதா? இது விறைப்பு இல்ல. யாரோ விட்டுட்டுப் போன மாதிரி உக்காந்திருக்கான்."

"சத்தியமாச் சொல்றேன்..."

"மீன் செத்தப்போ, கடலுக்கு லீவுல போயிருக்குன்னு சொன்னவர்தானே நீங்க?"

அந்த மீன் விஷயம் இத்தனை வருஷம் கழித்து இப்படிக் காலை வாரும் என்று யார் கண்டது!

"சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ, ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க. நாளைக்கு ரயில் ஏறதுக்குள்ள வந்தா இருக்கேன். இல்லன்னா நானே வந்து பார்த்துக்கறேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வருகிறேன் என்று அவள் சொன்ன அந்த நொடியில் ஸ்டூடியோக்காரருக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலு என்றிருந்தது. அவள் செருப்பு வாசலில் கிடக்கும், குளியலறைக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும், சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கும். அடுத்த நொடியே, நீயெல்லாம் ஒரு அப்பனா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

வீடியோ காலில் காட்டினால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அதையும் செய்து பார்த்தாயிற்று. மகள் குரல் காதில் விழுந்ததும் மேனேஜர் போனுக்குப் பின்பக்கம் போய்த் தேடுவான், கட்டிலுக்கு அடியில் தேடுவான், கடைசியில் வாசல் கதவு முன்னால் உட்கார்ந்து மூக்கைத் தூக்கி ஊளையிடத் தொடங்கிவிடுவான். அங்கே அவள் அழ, இங்கே இவன் ஊளையிட, மேல்மாடிக்காரர்கள் என்ன ஏது என்று இறங்கி வர, ஒரே ரகளை. "இனிமே இந்த நாய் காதுல அவ குரல் விழக் கூடாது," என்று மகளின் அம்மா அன்றே தடை போட்டுவிட்டாள்.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு. வீட்டிலும் அப்படித்தான் என்று ஸ்டூடியோக்காரர் ரகசியமாகச் சொல்வார். ரகசியமாகத்தான்.

சரி, அந்த நாய் ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறது? அதற்குக் காரணம் வேறு யாருமில்லை, சாட்சாத் நம் ஸ்டூடியோக்காரர்தான். அவர் எடுப்பதெல்லாம் பாஸ்போர்ட்டுக்கும் லைசென்ஸுக்கும் ஒட்டுகிற சின்னப் படங்கள். "நிமிர்ந்து உக்காருங்க. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காதீங்க, பல் தெரியக் கூடாது. ரெடி." பிறகு இடது கண்ணை மூடி, உதட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்து, க்ளிக். "ஆச்சு!" அடுத்த ஆள். வாழ்நாள் முழுக்க இதே பாட்டு. சின்னக் கடை, ஒருவர் அசைந்தாலும் பின்னால் வெள்ளைத் திரையில் நிழல் விழும். அதனால் கேமரா மேலே ஏறிவிட்டால் அறையில் இருக்கிற உயிர்கள் எல்லாம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். குட்டியாக இருந்தபோது வாலை ஆட்டி ஒரு படத்தைக் கெடுத்ததற்காக மேனேஜரை வாசலில் நிறுத்திவைத்தார். ரோஷக்கார நாய், அன்றோடு கற்றுக்கொண்டான். கேமராவைத் தூக்கினால் போதும், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு நேரே பார்ப்பான். மடிந்த காதைக்கூட எப்படியோ பாதி தூக்கிக் காட்டுவான். வாடிக்கையாளர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள், ஸ்டூடியோக்காரருக்குப் பெருமை பிடிபடாது.

அந்தப் பெருமையைத்தான் இப்போது அனுபவிக்கிறார்.

பத்து மணிக்கெல்லாம் மனைவி அன்றைய வகுப்புகளைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே அவள் தம்பி. மெத்தை விற்கிறவன். முட்டை வேகவைப்பதிலிருந்து வீடு கட்டுவதுவரை எதற்கும் அவன் போனில் யோசனை இருக்கும் என்பதால் வீட்டில் அவனுக்கு 'டிப்ஸ்' என்றே பேர்.

"மாமா, கவலையை விடுங்க. எல்லாம் படிச்சிட்டு வந்துட்டேன்," என்றான் டிப்ஸ்.

"நீ படிச்சிட்டு வந்ததுதான்டா எனக்குக் கவலை," என்றாள் அக்கா.

"முதல்ல, நாயைவிட நாம உயரத்துல இருக்கக் கூடாது. அதோட கண்ணு மட்டத்துக்கு இறங்கணும். மாமா, படுங்க."

ஸ்டூடியோக்காரர் படுத்தார். அவர் உடம்பு வாகுக்கு வயிற்றை வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுப்பது சாதாரணக் காரியமா? முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடினார். முதலாளி தரையில் கிடப்பதைப் பார்த்த மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றிச் சுற்றி ஓடினான், முதுகில் ஏறி இறங்கினான், காதை நக்கினான். வாய் காதுவரை கிழிந்து, நாக்கு ஒரு முழம் தொங்கியது. சிரிப்பென்றால் அதுதான் சிரிப்பு.

"எடுங்க மாமா, எடுங்க!"

கேமரா மேலே ஏறியது. மேனேஜர் இறங்கினான், உட்கார்ந்தான், வாயை மூடினான், நேரே பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சனியனே," என்றார் ஸ்டூடியோக்காரர் அன்போடு.

"விளக்கு வேணாம், ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க," என்றான் டிப்ஸ். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். வெளிச்சம் என்னவோ அருமையாக வந்தது. அந்த அருமையான வெளிச்சத்தில் மேனேஜரின் சோகம் ரோமம் ரோமமாகத் தெரிந்தது. பிறகு கீச்சென்று கத்துகிற ரப்பர் வாத்து வந்தது. டிப்ஸ் அதைத் தலைமேல் வைத்து அமுக்கி, கழுத்தை நீட்டி, கேமராவுக்குப் பின்னால் குதித்துக் குதித்துக் காட்டினான். மேனேஜர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. படத்தில் பார்த்தால், கடன்காரன் நடனமாடுவதைப் பார்க்கிற பேங்க் அதிகாரி மாதிரி இருந்தான்.

லென்ஸுக்கு மேல் பிஸ்கட்டைப் பிடித்துப் பார்த்தாள் மனைவி. படத்தில் பிஸ்கட்டைப் பார்க்கிற இரண்டு கண்கள் மட்டும் இருந்தன, சிரிப்பைக் காணோம். கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டால்? மேனேஜர் ஸ்டாண்டுக்கு முன்னால் போய் முறையாக உட்கார்ந்துகொண்டான், எழுந்திருக்கவே இல்லை. திரைக்குப் பின்னால் ஒளிந்து, ஓட்டை வழியாக எடுத்தால்? ஓட்டையைக் கண்டுபிடித்து அதற்கு நேராக வந்து உட்கார்ந்தான்.

"வெளியில வாங்க," என்று மனைவி போனை எடுத்துக்கொண்டு நாயைத் தெரு முனைத் திடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பந்தை எறிந்தாள். மேனேஜர் காற்றாய்ப் பறந்தான். பாதி ஓட்டத்தில் அவள் போனைத் தூக்கினாள். அவ்வளவுதான், நான்கு காலையும் ஊன்றிச் சறுக்கி, புழுதி கிளம்ப நின்று, திரும்பி, உட்கார்ந்து, தாடையை இறக்கினான்.

திரும்பி வந்தவள் மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "என்கிட்ட படிக்கறவங்க ஒருத்தர்கூட இப்படி பிரேக் போட்டதில்ல."

"அக்கா, பேசாம பழைய போட்டோ ஒண்ணை அனுப்பிடலாமா?" என்றான் டிப்ஸ்.

"பழைய போட்டோல மட்டும் பல்லைக் காட்டிக்கிட்டா இருக்கான்? அதோட அப்போ கழுத்துல பச்சைப் பட்டை. அவ ஹாஸ்டலுக்குப் போன வாரமே அதை இவன் கடிச்சுத் துப்பிட்டான். இப்போ மஞ்சள் பட்டை. மீன் கதை பத்தாதா உனக்கு?"

மதியம் கடந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் தரையிலேயே, சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நாய் ரோமம். ஒரு பக்கம் மேனேஜர் அவர் தொடையில் தலை வைத்துப் படுத்திருந்தான். இரண்டு பேர் முகத்தையும் மனைவி மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அவன் மூஞ்சியும் உங்க மூஞ்சியும் ஒரே அச்சு."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"ஆமாமா, நல்லாத்தான் இருக்கீங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அவ தட்டையும் சேர்த்து எடுத்து வெச்சிட்டு, திரும்ப உள்ள கொண்டு வைக்கறீங்க. நான் பார்க்கலைன்னு நினைப்பு."

ஸ்டூடியோக்காரர் அசடு வழிந்தார். நாயின் மடிந்த காதை நிமிர்த்திவிட்டார். அது திரும்பவும் மடிந்தது.

அந்த நேரம் பார்த்து ஷட்டருக்கு அடியில் ஒரு தலை நுழைந்தது. நாலு வீடு தள்ளி இருக்கிற பல் டாக்டர். "சார், சார், ரொம்ப அவசரம். ஒரு பாஸ்போர்ட் போட்டோ, அஞ்சே நிமிஷம்," என்று தவழ்ந்தே உள்ளே வந்துவிட்டார்.

"இன்னிக்குக் கடை லீவு டாக்டர்..."

"உக்காருங்க டாக்டர்," என்றாள் மனைவி. வாசல் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொழில் தோஷம், மனிதருக்கு வாயை மூடவே வராது. எப்போதும் முப்பத்திரண்டும் தெரியும்படி ஒரு சிரிப்பு. "பல் தெரியக் கூடாது டாக்டர்," என்று கெஞ்சி, உதட்டை இழுத்து மூடவைத்து, தாடையை இறக்கச் சொல்லி, "ரெடி" என்றார் ஸ்டூடியோக்காரர். டாக்டர் மூச்சைப் பிடித்தார். டிப்ஸ் வாத்தைப் பிடித்தபடி நின்றான். ஸ்டூலுக்குப் பக்கத்தில் மேனேஜரும் தன் வழக்கப்படி விறைத்து உட்கார்ந்தான். க்ளிக்.

"ஆச்சு!"

டாக்டர் "அப்பாடா!" என்று மூச்சை விட்டுப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். அதே நொடியில் மேனேஜர் எழுந்து குதித்தான். உடம்பை உதறி, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு, வால் ஸ்டூல் காலில் படபடவென்று அடிக்க, டாக்டரின் மடியில் முன்னங்காலை வைத்து ஏறிவிட்டான்.

மனைவியின் கண் அகன்றது.

"என்னங்க! இப்போ என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்? ஆச்சுன்னு சொன்னேன்."

"அதான்! அதான்! நீங்க ஆச்சுன்னு சொன்னாத்தான் அவனுக்கு உயிர் வருது. நீங்க என்னிக்குமே அதுக்கு முன்னாடிதானே எடுக்கறீங்க?"

ஸ்டூடியோக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார். எத்தனை ஆயிரம் பேர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள்! ஒவ்வொருவரும் ஆச்சு என்றதும்தான் தோளைத் தளர்த்தி, அசட்டுச் சிரிப்புச் சிரித்து, தாங்களாக மாறுவார்கள். அப்போதெல்லாம் அவர் கேமராவை இறக்கிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ முதல்ல ஆச்சு சொல்லணும், அப்புறம் எடுக்கணும்! இவ்ளோதானே மாமா!" என்று டிப்ஸ் துள்ளினான்.

சொல்வது சுலபம். அவர் விரலும் நாக்கும் ஒன்றாகவே பழகியவை. விரல் அழுத்தாமல் நாக்கு ஆச்சு சொல்ல மாட்டேன் என்றது. க்ளிக், ஆச்சு. மேனேஜர் குதித்தான், ஆனால் படம் முன்பே விழுந்துவிட்டது. மறுபடி நாயை உட்காரவைத்தார்கள். க்ளிக், ஆச்சு. "மாமா, ஆச்சு முதல்ல!" "தெரியும்டா!" க்ளிக், ஆச்சு. பல் டாக்டர் அவசரத்தையெல்லாம் மறந்துவிட்டு, ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"சரி, நானே சொல்றேன்," என்று மனைவி "ஆச்சு!" என்றாள். மேனேஜர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உத்தரவு வரவேண்டிய இடத்திலிருந்து வரட்டும் என்பதுபோல ஸ்டூடியோக்காரரைப் பார்த்தான். டாக்டர் சொல்லிப் பார்த்தார். டிப்ஸ் மாமா குரலில் சொல்லிப் பார்த்தான். நாய் அசையவில்லை.

மணி ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் அவள் ஹாஸ்டலில் பையில் துணியை அடைத்துக்கொண்டிருப்பாள். மனைவி இடுப்பில் கையை ஊன்றினாள்.

"படுங்க," என்றாள்.

"மறுபடியுமா?"

"படுங்கன்னா படுங்க."

அவர் படுத்தார். அவளும் பக்கத்தில் படுத்தாள், காரில் உட்காருகிற அதே பக்கத்தில். கேமராவைப் பிடித்திருந்த அவர் கையில் ஆள்காட்டி விரலை மட்டும் பட்டனிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, தன் விரலைப் பட்டன் மேல் வைத்தாள்.

"ஸ்டீயரிங் உங்களோடது. பிரேக் என்னோடது. நீங்க வாயை மட்டும் திறங்க."

"விரலை விடு, கூசுது."

"பேசாம இருங்க. நேரா பாருங்க. கண்ணாடியைப் பாருங்க... ச்சே, நாயைப் பாருங்க."

பல் டாக்டரிடமிருந்து முதல் சிரிப்புக் கிளம்பியது. டிப்ஸ் வாத்தைக் கடித்துக்கொண்டு அடக்கப் பார்த்தான், வாத்து அவன் வாய்க்குள்ளேயே கீச்சென்றது. அவ்வளவுதான், ஸ்டூடியோக்காரருக்கு வயிறு குலுங்கத் தொடங்கிவிட்டது. குப்புறப் படுத்தவருக்கு வயிறு குலுங்கினால் ஆளே குலுங்குகிறார், அவரோடு கேமரா குலுங்குகிறது, பட்டன் மேல் விரல் வைத்தவளும் குலுங்குகிறாள். கடை வைத்த நாளிலிருந்து அந்த அறையில் 'சிரிக்காதீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் கண்ணில் நீர் வர, மூச்சு முட்ட, "ஆ... ஆ... ஆச்சு!" என்றார்.

மேனேஜர் பறந்தான். மனைவி விரலை எடுக்கவே இல்லை. கேமரா தடதடவென்று சுட்டுத் தள்ளியது. நாய் இருவர் மேலும் வந்து விழுந்தது, டிப்ஸ் பிடிக்கப் போய்த் திரையை இழுத்துக்கொண்டு விழுந்தான், டாக்டர் ஸ்டூலோடு சரிந்தார். என்ன ஆனது என்று பார்க்க வந்த சாவிக்காரர் ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டி, வெள்ளைத் துணிக்கு அடியில் நெளிகிற கால்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போனார்.

படங்களைப் பார்த்தார்கள். ஒன்றில் மின்விசிறி. ஒன்றில் மனைவியின் முழங்கை. ஒன்று முழுக்க முழுக்க மூக்கு, ஈரமான கறுப்பு மூக்கு. பிறகு அது வந்தது.

மேனேஜர் அந்தரத்தில் இருந்தான். நான்கு காலும் தரையில் இல்லை. வாய் குகை மாதிரி திறந்திருக்க, நாக்கு ஒரு பக்கம், காதுகள் ஒரு பக்கம், மடிந்த காதுகூட நிமிர்ந்து நின்றது. படம் கோணல்தான், வால் பாதி வெட்டுப்பட்டிருந்தது. பின்னால், வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ள மாட்டிவைத்திருந்த கண்ணாடி தெரிந்தது. அதற்குள் தரையில் கிடக்கிற இரண்டு பேர். ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் தலையைப் பின்னால் எறிந்து, வாய் முழுக்கத் திறந்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"மேல் வரிசையில ஒரு சொத்தை இருக்கு, கவனிங்க," என்றார் பல் டாக்டர்.

படத்தைப் போனுக்கு மாற்றியாயிற்று. மகளின் பெயரும் வந்துவிட்டது. பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஸ்டூடியோக்காரரின் கட்டைவிரல் நின்றது. தட்டாவிட்டால் அவள் நாளைக் காலை வாசலில் நிற்பாள். தட்டினால் அந்தப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும், எஞ்சின் அவள் கைக்குப் போய்விடும், பிறகு அவள் எங்கெங்கோ போவாள். மனைவி அவரைப் பார்த்தாள், விரலைப் பிடிக்க வரவில்லை. இந்த ஒன்றில் அவள் பக்கத்துப் பிரேக்கில் கால் வைக்காமல் இருந்தாள்.

"ரெடி," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டினார்.

பதில் வர நேரமானது. ரயில் நேரம் நெருங்க நெருங்க நான்கு பேரும், டாக்டரையும் சேர்த்துத்தான், போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் திரை மின்னியது. நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

'அப்பா, கண்ணாடியில இருக்கறது நீங்களா?'

பின்னாலேயே இன்னொன்று. 'நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படித்தான் அவன் உங்களைப் பார்த்து மூஞ்சி வெச்சுப்பான். அதுதான்பா பயமா இருந்துச்சு. கேட்டா சொல்ல மாட்டீங்களே. பையைப் பிரிச்சிட்டேன். நாளைக்கு எஞ்சினை மாட்டிட்டுப் பேசறேன். ஸ்க்ரூ மிச்சம் வைக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.'

ஸ்டூடியோக்காரர் அதைப் படித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். முகம் கழுவ வெகு நேரம் ஆனது.

சனிக்கிழமை அவருக்கு வேலையே ஓடவில்லை. வந்த ஆட்களை எல்லாம் காதைக் காட்டச் சொல்ல மறந்தார். மனைவி வகுப்பை முடித்துக்கொண்டு காரைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மாலை சரிகிற நேரத்தில் போன் அடித்தது. பதற்றத்தில் அவர் எதை அழுத்தினாரோ, ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது.

"அப்பா!"

குரல் அறை முழுக்க விழுந்தது. மேனேஜர் நாற்காலியிலிருந்து விருட்டென்று தலையைத் தூக்கினான். போனைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். இறங்கி ஷட்டர் ஓரம் போய் உட்கார்ந்து மூக்கை மேலே தூக்கினான். "ஐயையோ, குரலைக் குறைங்க, தொடங்கிடுவான்!" என்று மனைவி பாய்ந்தாள். ஸ்டூடியோக்காரரின் விரல் தடுமாறியது. போனில் பின்னால் ஏதோ ஒரு எஞ்சின் சீராக, திணறாமல், உறுமிக்கொண்டிருப்பது கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேனேஜரையும் சேர்த்து, மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு மேலாக, அப்பாவின் அதே ராகத்தில், மகள் கத்தினாள்.

"ஆச்சு!"

மேனேஜர் பறந்தான்.